நிலத்தின் அடியில் உள்ளது யாருடைய பங்கு?

கடந்த சாரல் காலத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்றபின், நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்யப்பட்ட ஒப்பந்தம். தம்மாமில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். பெயர் இங்கு வேண்டாம்.

"ஹஜ்ரத், நீங்கள் கல்லூரியிலும் படித்தவர்கள். இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள். நாளைக்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார்" என்றார்.

தென்காசிக்கு மேற்கே, மலையைப் பார்த்த மேட்டில் அவருடைய வாப்பா விட்டுச் சென்ற மானாவாரி நிலம் 3 ஏக்கர் இருக்கிறது. மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் முள். ஓரிரு முழம் தோண்டினால் சரள். அதற்குக் கீழே பாறை. அந்த நிலத்தைக் கல்குவாரி நடத்தும் ஒருவருக்கு 5 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடுவதாகவும், மொத்தமாக 12 லட்சம் ரூபாய் பெற்றுக்கொள்வதாகவும் அந்தத் தாளில் எழுதியிருந்தது. எவ்வளவு ஆழம் வெட்டுவார்கள், எத்தனை லோடு எடுப்பார்கள், முடிவில் குழியை யார் பார்த்துக்கொள்வது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. 'நிலத்திலுள்ள கல், சரள், மண் யாவும்' என்று மட்டும் இருந்தது.

வாசித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கள் சகோதரிகள் இருவரும் இதைப் பார்த்துவிட்டார்களா?"

அவர் பதில் சொல்லாமல் தாளை மடித்தார்.

வாசக சகோதர சகோதரிகளே! நம் பகுதியில் இந்தத் தாள் இன்று பல வீடுகளின் வாசலுக்கு வருகிறது. ஆலங்குளம், கடையம் பக்கங்களிலும் குவாரிகளும் கிரஷர்களும் உள்ளன. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் புளியரை சோதனைச் சாவடியைக் கடந்து கேரளத்துக்குச் செல்வதைக் குற்றாலத்துக்கு வருவோரும் காண்கின்றனர். எனவே, நிலத்தைக் கொடுப்பதற்கு முன் நாம் கொடுப்பது எதை என்பதை அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு அவசியமாகிறது.

எண்ணெய் நிலத்தின் பாடம்

நண்பர் உழைத்த தம்மாம் நகரமே ஒரு குத்தகையால் உருவானது எனலாம். 1933 மே 29 அன்று ஜித்தாவில் சவூதி அரசுக்கும் அமெரிக்காவின் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனிக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் காலம் 60 ஆண்டுகள். முதல் தவணையாகக் கடனும் வாடகையும் சேர்த்து 35,000 தங்கப் பவுன்கள். எண்ணெய் கிடைத்தால் டன்னுக்கு 4 தங்க ஷில்லிங். 1938 மார்ச்சில் தம்மாமின் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் பெருகிய பின்புதான், கொடுத்தது எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. 1950 டிசம்பரில் இலாபத்தில் பாதிக்குப் பாதி என்று உடன்படிக்கை மாற்றப்பட்டது. 1980-இல் அந்தக் கம்பெனி முழுவதுமாகச் சவூதி அரசின் உடைமையாயிற்று.

அதற்கு முன் 1901-இல் பாரசீக மன்னர் வில்லியம் டார்சி என்பவருக்கு எண்ணெய் உரிமையை 60 ஆண்டுகளுக்கு வழங்கினார். ரொக்கமாக 20,000 பவுண்டு. நிகர இலாபத்தில் 16 சதவீதம். 'நிகர இலாபம்' என்ற சொல்லில்தான் பிணக்கு பிறந்தது. எது செலவு, எது இலாபம் என்று கணக்கு எழுதும் பேனா கம்பெனியின் கையில் இருந்தது. அந்த மனக்கசப்பு வளர்ந்து, 1951-இல் ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது.

டன் கணக்கில் கூலி பேசியவருக்கு எடை போட்டாலே கணக்குத் தெரியும். இலாபத்தில் பங்கு பேசியவர் மற்றவரின் கணக்குப் புத்தகத்தை நம்பியிருக்க வேண்டும். மொத்தத் தொகை பேசியவருக்கோ கணக்கே இல்லை. மன்னர்களும் அரசுகளும் உடன்படிக்கையை மீண்டும் திறந்து பேச முடிந்தது. 3 ஏக்கர் பட்டாதாரருக்கு அந்த வலிமை கிடையாது. அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, கையெழுத்துக்கு முந்திய நாள் ஒன்றுதான்.

நம் நாட்டில் அடிநிலம் யாருடையது?

அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்துக்கு உரியவரே அடியிலுள்ள எண்ணெய்க்கும் உரியவர். அவர் கம்பெனிக்குக் குத்தகை எழுதிக்கொடுத்து, எடுக்கும் எண்ணெயில் எட்டில் ஒரு பங்கைப் பெறுவது நீண்ட கால வழக்கமாக இருந்தது. நம் நாட்டில் அவ்வாறில்லை. எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான குத்தகை 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தின் கீழ் அரசால் வழங்கப்படுகிறது. உரிமத்தொகை அரசுக்குச் சேரும். விவசாயிக்குக் கிடைப்பது, கிணறு தோண்டும் மேற்பரப்புக்கான வாடகையும் இழப்பீடுமே.

காவிரிப் படுகையில் இதைக் கண்கூடாகக் காணலாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அனுமதித்த ஹைட்ரோகார்பன் திட்டங்களில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. அவ்வூர் மக்கள் மாதக்கணக்கில் போராடினர். பல ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் ஆய்வுக்காகக் கொடுத்த நிலங்களை மீட்டுத் தருமாறும் அப்பகுதி விவசாயிகள் கேட்டனர். 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, டெல்டாப் பகுதியில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தது.

தென்காசியில் எண்ணெய் கிடைக்குமோ என்று யாரும் கனவு காண வேண்டாம். எண்ணெய் தங்குவது படிவுப் பாறைகளில். நம் மலையடிவாரம் மிகப் பழமையான கடினப் பாறையால் ஆனது. நம்மிடம் உள்ளது கல்லும் சரளும்தான். அவற்றின் சட்டம் வேறு.

கல், சரள், மண் முதலியவை சிறுகனிமங்கள் எனப்படும். இவற்றுக்கு 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் உள்ளன. பட்டா நிலத்தில் வெட்டுவதானாலும் அரசின் அனுமதி வேண்டும். எடுக்கும் அளவுக்கு அரசுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும். லாரிக்கு நடைச்சீட்டு வேண்டும். வெட்டுபவர் வேறு, நிலத்துக்கு உரியவர் வேறு என்றால், உரியவரின் சம்மதம் வேண்டும். ஆகவே நம் கையெழுத்து இல்லாமல் அந்தக் குவாரி தொடங்காது.

அடிநிலம் பற்றி உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 8 அன்று முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. மலபார் பகுதி நிலவுடைமையாளர்கள் தொடுத்த வழக்கு அது. சட்டப்படி பறிக்கப்பட்டிருந்தால் ஒழிய, அடியிலுள்ள கனிமத்தின் உடைமை பொதுவாக நிலத்தின் உடைமையைப் பின்தொடரும் என்று நீதிபதிகள் கூறினர். உடைமை இருப்பதால் அனுமதியின்றி வெட்டலாம் என்பது இதன் பொருளன்று. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசிடமே உள்ளது.

'சட்டப்படி பறிக்கப்பட்டிருந்தால் ஒழிய' என்ற சொற்களை நம் பகுதியினர் கவனிக்க வேண்டும். நம்மைச் சுற்றி ஊத்துமலை, சிவகிரி போன்ற ஜமீன்கள் இருந்தன. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அந்த எஸ்டேட்டுகள் சுரங்கம், கனிமம், கல்குவாரி உட்பட அரசுக்குச் சேரும் என்று எழுதப்பட்டது. செங்கோட்டைப் பகுதியோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர் நிலங்களுக்கும் வெவ்வேறு வரலாறு இருக்கக்கூடும். பழைய பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, நம் பட்டா எந்த வழியில் வந்தது என்று அறிந்த பின்பே பேச்சைத் தொடங்குவது நல்லது.

12 லட்சத்தின் கணக்கு

அன்று மாலை நண்பரும் நானும் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 3 ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர். சதுரமான நிலம் என்று கொண்டால், பக்கத்துக்கு 110 மீட்டர். சுரங்கப் பாதுகாப்பு விதிகளின்படி எல்லையிலிருந்து 7.5 மீட்டர் உள்ளே தள்ளித்தான் வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் அதைக் கழித்தால் வெட்டக்கூடிய இடம் சுமார் 9,000 சதுர மீட்டர். 20 மீட்டர் ஆழம் வெட்டினால் 1,80,000 கன மீட்டர். செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்ட வேண்டியிருப்பதால் பாதிதான் கிடைக்கும் என்று வைத்தாலும் 90,000 கன மீட்டர். 100 கன அடி ஒரு யூனிட். ஆக, ஏறத்தாழ 32,000 யூனிட்.

12 லட்சத்தை 32,000-ஆல் வகுத்தால், ஒரு யூனிட்டுக்கு 37 ரூபாய் 50 காசு. குற்றாலச் சாரலில் நனைந்து வந்து மூவர் தேநீர் குடித்தால் ஆகும் செலவு!

நண்பர் வெகுநேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டு வாடகை மாதிரி நினைத்துவிட்டேன் ஹஜ்ரத்" என்றார்.

தவறு அங்கேதான் நிகழ்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் வீடு திரும்பி வரும். வயலைக் குத்தகைக்கு விட்டால் வயல் திரும்பி வரும். குவாரிக்கு விட்ட நிலத்தில் குத்தகை முடிந்தபின் திரும்பி வருவது குழி. பெயர் குத்தகை, நடப்பதோ நிலத்தை லோடு லோடாக விற்பது. எனவே அதற்கு விற்பனைக்குரிய யோசனையும் விற்பனைக்குரிய சம்மதமும் தேவை.

யார் யாரிடம் கேட்க வேண்டும்?

வாப்பா மறைந்து பதினொரு ஆண்டுகளாகியும் அந்த நிலத்தின் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. உம்மாவும் காலமாகிவிட்டார். ஒரு மகன், இரு மகள்கள். மார்க்கம் வகுத்த பங்கின்படி மகனுக்குப் பாதி. மகள்களுக்கு ஆளுக்குக் கால். பாகம் பிரிக்கப்படாததால், அந்த நிலத்தின் ஒவ்வொரு சாணிலும் மூவருக்கும் உரிமை உண்டு. அப்படியிருக்க, 12 லட்சத்தில் சகோதரிகளுக்குப் பங்கு கொடுத்துவிடுவேன் என்று கூறுவது போதுமா? பணத்தில் பங்கு தரலாம். ஆனால் நிலத்தைக் குழியாக்கலாமா என்று முடிவெடுக்கும் உரிமையை யார் தருவது?

பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக இடப்படும் என்ற நபிமொழியை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் அதற்கு விளக்கம் எழுதுகையில், நிலத்துக்கு உரியவர் அதன் அடிப்பகுதிக்கும் உரியவர் என்பதற்கு இதில் சான்று உள்ளதாகக் குறிப்பிடுகின்றார்கள். கனிமத்தின் உடைமை பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. கூட்டாளியின் பங்கை அவர் அறியாமல் கொடுக்கக் கூடாது என்பதில் வேறுபாடு இல்லை.

இன்னொரு செய்தியும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்டதற்கிணங்க, மஃரிபில் உள்ள உப்பளத்தை நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்றது, எல்லோரும் எளிதில் எடுத்துப் பயன்பெறுவது என்று ஒருவர் எடுத்துக்கூறியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொடுப்பதற்கு முன், அதனால் யாருக்கு இழப்பு என்று பார்க்கும் பாடம் இதில் உள்ளது.

நிலத்தில் பங்கில்லாதவர்களும் நம் குழியால் பாதிக்கப்படுவர். பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்று நீர் நம் குழிக்கு இறங்கலாம். வெடி வைத்தால் சுவர் அதிரும். கிரஷர் தூசி பயிரில் படியும். மக்கள் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி சொல்வது இதனால்தான். 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. மலையடிவார நிலமானால் காட்டின் எல்லையையும் பார்க்க வேண்டும். சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள், காப்புக்காடுகள் ஆகியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாதென்று 2021 நவம்பரில் தமிழக அரசு விதி செய்தது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காடுகள் மட்டும் நீக்கப்பட்டன.

உயிர்களையும் மறந்துவிடக் கூடாது. 2022 மே 14 இரவு, நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினர், நால்வர் உயிரிழந்தனர். வேலை நிறுத்தப்பட்ட குவாரிகளில் மழைநீர் தேங்குகிறது. குளிக்க இறங்கும் சிறுவர்கள் மூழ்குகின்றனர். அந்தக் குழி நம் பட்டாவில் இருக்கும்.

கல் வேண்டாம் என்று சொல்லவில்லை

நம் வீடுகளும் பள்ளிவாசல் மினாராக்களும் நான் பாடம் நடத்தும் அறையும் ஜல்லியால் எழுந்தவையே. யாரோ ஒருவரின் நிலத்திலிருந்துதான் அது வந்திருக்கும். எனவே, குவாரிக்குக் கொடுப்பதே குற்றம் என்று நான் கூறமாட்டேன். விளையாத நிலம், ஊரிலிருந்து தொலைவு, பங்காளிகள் அனைவரும் மனமொப்புகின்றனர் என்றால் கொடுக்கலாம். கொடுக்குமுன் கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்கட்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை நிறுத்துமாறும் கூறும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனமாக இருப்பதை நாம் அறிவோம்.

முதலாவது: பட்டாவை வாரிசுகள் அனைவரின் பெயருக்கும் மாற்றி, அனைவரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால் தரகருக்கோ குத்தகைதாரரின் ஆளுக்கோ கொடுக்கக் கூடாது.

இரண்டாவது: மொத்தத் தொகை மட்டும் பேசாமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்றும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தது இவ்வளவு என்றும் பேச வேண்டும். அரசு வழங்கும் நடைச்சீட்டுகளின் நகலை மாதந்தோறும் தர வேண்டும் என்று எழுத வேண்டும். அதுவே நம் கணக்குப் புத்தகம்.

மூன்றாவது: எந்தக் கனிமம், எந்த சர்வே எண், எத்தனை மீட்டர் ஆழம் என்பவை குறிக்கப்பட வேண்டும். 'யாவும்' என்ற சொல்லை நீக்க வேண்டும்.

நான்காவது: அரசு அனுமதி கைக்கு வரும் முன் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது. அனுமதியின்றி எடுத்தால் அபராத நோட்டீஸ் பட்டாதாரரின் வாசலுக்கும் வரக்கூடும்.

ஐந்தாவது: அரசுக்குச் செலுத்தும் எல்லாத் தொகைகளையும் யார் கட்டுவது என்று எழுத வேண்டும். கனிமத்தின் மீதான வரி மாறக்கூடியது. நம் தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் எடுக்கும் இந்தியா சிமெண்ட்ஸ் தொடர்பான வழக்கில், உரிமத்தொகையின் மேல் மாநிலம் விதித்த தீர்வை செல்லாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலைப்பாட்டை 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகளின் அமர்வு மாற்றி, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. அதன்பின் தமிழ்நாடும் அதற்கெனச் சட்டம் இயற்றி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது.

ஆறாவது: குழிக்கு வேலி, ஓரங்களைச் சரித்தல், இயன்ற அளவு நிரப்புதல் ஆகியவை குத்தகைதாரரின் பொறுப்பு என்றும், அதற்கு ஈடாக ஒரு தொகை நம்மிடம் இருக்கும் என்றும் எழுத வேண்டும்.

ஏழாவது: ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவின்றிச் செல்லாது.

மூவரின் முடிவு

மறுநாள் நண்பர் கையெழுத்திடவில்லை. இரு சகோதரிகளையும் வீட்டுக்கு அழைத்தார். கணவரை இழந்த மூத்தவர், "கொடுத்துவிடு தம்பி, பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன்" என்றாராம். இளையவர், "வாப்பா அந்த மேட்டில் ஒரு வேப்பங்கன்று வைத்து ஊரணித் தண்ணீர் சுமந்து ஊற்றினார்களே, அது என்ன ஆகும்?" என்று கேட்டாராம். இரண்டும் நியாயமான சொற்களே. பணத்தின் தேவையும் பொய்யன்று. மண்ணின் நினைவும் பொய்யன்று.

மூவரும் பேசி, யூனிட் கணக்கும் ஆழ வரம்பும் எழுதினால் கொடுப்போம் என்று சொல்லியனுப்பினர். தரகர் திரும்பி வரவில்லை. அக்காவின் மகள் திருமணத்துக்குத் தம் சேமிப்பிலிருந்து நண்பர் உதவினார். இப்போது பட்டாவில் மூவரின் பெயரும் ஏறியுள்ளது.

"12 லட்சம் போய்விட்டதே என்று சில இரவுகளில் தோன்றுகிறது ஹஜ்ரத். ஆனால் தங்கச்சி வீட்டுக்குப் போனால் தலைநிமிர்ந்து சாப்பிட முடிகிறது" என்று அண்மையில் அவர் கூறினார்.

நிலம் நமக்குக் கிடைத்த அமானிதம். மேலே விளைவதை நாம் உண்கிறோம். அடியில் இருப்பதில் நம்மோடு பிறந்தவர்களுக்கும் நமக்குப் பின் வருபவர்களுக்கும் பங்குண்டு. அவர்களைக் கேட்டு, கணக்கிட்டு, எழுதி வைத்துச் செயல்படும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.